ஐம்பதுக்கு மேல் பாட்டு: முதலில் கட்டையைச் சரிபண்ணுங்கள்

ஐம்பது வயதுக்கு மேல் கர்நாடக சங்கீதப் பாட்டு வகுப்பில் சேருகிறவர்கள் "தொண்டை ஒத்துழைக்கலை" என்று சொன்னால், பெரும்பாலும் தொண்டை மேல் குற்றமில்லை. கட்டைதான் தப்பு, அதாவது ஸாவை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்கிற சுருதி அளவு. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ பாட்டு மாமி வீட்டுக் கூடத்தில் 5 கட்டையில் வகுப்பு நடக்கும். அதில் போய் உட்காரும் ஆண், ஸாவை மேலே பிடித்தால் தார ஸ்தாயியில் (மேல் ஸ்தாயி) கத்த வேண்டியிருக்கும். கீழே பிடித்தால் மந்த்ரத்தில் (கீழ் ஸ்தாயி) முனகத்தான் முடியும். வகுப்பில் சமாளித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சாதகம் (பயிற்சி) உங்கள் கட்டையில்தான் நடக்க வேண்டும்.

போனில் தம்புரா ஆப்பைப் போட்டு, ஆண்கள் 1 கட்டை, பெண்கள் 5 கட்டை வைத்துத் தொடங்குங்கள். ஸாவிலிருந்து மந்த்ர பஞ்சமம் (கீழ் ப) வரை இறங்குங்கள். வெறும் காற்று வந்தால் கட்டை தாழ்வு. பிறகு தார ஸ்தாயி காந்தாரம் (மேல் க) வரை ஏறுங்கள். முகவாய் தூக்கினால், கழுத்து நரம்பு புடைத்தால் கட்டை அதிகம். அரைக் கட்டை அரைக் கட்டையாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலான ஆண்களுக்கு 1 முதல் 2, பெண்களுக்கு 4½ முதல் 6 ஒத்துவரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் கொஞ்சம் இறங்கும். பள்ளி நாளில் 6 கட்டையில் பாடியவர் 4½-க்கு வருவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

போன் ஸ்பீக்கரில் தம்புராவின் கீழ் ஸா சரியாகக் கேட்காது. ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டுங்கள். மற்றக் காது உங்கள் குரலுக்கு.

காலையில் 20 நிமிடம் போதும், ஆனால் தினமும். ஏசியை அணைத்துவிடுங்கள், தொண்டை வறளும். முதல் 5 நிமிடம் ஸா மட்டும், அகாரத்தில் ("ஆ" என்று). மூச்சிழுக்கும்போது வயிறு விரிய வேண்டும், தோள் ஏறக் கூடாது. ஒரு மூச்சுக்கு 8 விநாடியில் தொடங்கி மெல்ல 15 வரை கொண்டுபோகலாம். மூச்சு தீரும்வரை இழுக்காதீர்கள். சுருதி இறங்குவது அந்தக் கடைசி இரண்டு விநாடியில்தான்.

அடுத்து மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, அதாவது ஆரம்ப ஸ்வரப் பாடம். இங்கேதான் பலரும் வழுக்குவார்கள். சினிமாப் பாட்டில் ஊறிய காது சதுஸ்ருதி ரிஷபத்துக்கே (உயர்ந்த ரி) பழகியிருப்பதால் ரி மேலே போய்விடும், காந்தாரம் இறங்கிவிடும். இந்த ராகத்தில் ஸா–ரி, க–ம, ப–த, நி–ஸா நான்கும் ஒரே நெருக்கம். ரி–க, த–நி நடுவே பெரிய தாண்டல். அதனால் "ஸரிஸ", "மகம" என்று மாற்றி மாற்றிப் பாடிப் பாருங்கள். இரண்டிலும் நெருக்கம் ஒன்றுபோல் கேட்க வேண்டும். முதல் காலத்தில் (மெதுவான வேகம்) ரி நிற்காமல் இரண்டாம் காலத்துக்கு (இரட்டை வேகம்) போனால் பிழைதான் வேகமாகும். ஸ்வரமாகப் பாடியதையே அகாரத்திலும் பாடுங்கள். எழுத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிசிறெல்லாம் வெளியே வரும். வாரம் ஒருமுறை ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்கள்.

ஜூம் வகுப்பென்றால் "ஒரிஜினல் சவுண்ட்" அமைப்பைப் போடுங்கள். இல்லையென்றால் அது தம்புராவை இரைச்சலென்று நினைத்து வெட்டிவிடும். ஒலி தாமதமாக வருவதால் குருவோடு சேர்ந்து பாட முடியாது; அவர் பாடியபின் நீங்கள் பாட வேண்டும்.

ராத்திரி தாமதமாகச் சாப்பிட்டுப் படுத்தால் அமிலம் மேலேறி, காலையில் குரல் கரகரக்கும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் சாதகத்தை நிறுத்திவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.