கூடாரம் அடிக்க இடம் பார்ப்பது எப்படி?

இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். டார்ச் வெளிச்சத்தில் எல்லாத் தரையும் சமமாகத்தான் தெரியும்.

நான் முதலில் பார்ப்பது தலைக்கு மேலே. பட்ட கிளை விழுவதற்குக் காற்று அடிக்கவே வேண்டியதில்லை. பட்டுப்போன மரமோ, கல் உருளும் சரிவோ இருந்தால் அடுத்த இடம் பார்ப்பேன். தனித்து நிற்கும் உயரமான மரத்தடியும் மேட்டின் உச்சியும் மின்னலுக்கு வாகானவை, அவையும் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர். ஆற்றோர மணலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். உங்கள் தலைமேல் ஒரு துளி விழாவிட்டாலும், மேலே மலையில் பெய்த மழை இரவோடு இரவாக அங்கே வந்து சேரும். முன்பு வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைப் புதர்களில் சிக்கியிருக்கும் சருகும் குப்பையுமே காட்டிக்கொடுக்கும். இடுப்புயரத்தில் அதைப் பார்த்தால் பேச்சே வேண்டாம், மேட்டுக்கு ஏறுங்கள். வெள்ள பயம் இல்லாத ஏரிக்கரையிலும் 60 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். கிட்டத்தட்ட 85 எட்டு. தண்ணீர் அழுக்காகாது, குடிக்க வரும் விலங்குகளையும் மறிக்க மாட்டீர்கள்.

பள்ளத்தின் அடியும் ஆகாது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் கீழே இறங்கித் தேங்கிவிடும். சற்று மேலே போனாலே குளிரும் குறையும், விடியும்போது கூடாரத்தின் உட்புறம் சொட்டுவதும் குறையும்.

தரை பிடித்திருந்தால், கூடாரத்தைப் பிரிக்கும் முன் அங்கே படுத்துப் பாருங்கள். (யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.) முதுகில் குத்தும் கல்லும் வேரும் அப்போதுதான் தெரியும். லேசான சரிவு நல்லதே, தலையை மேட்டுப்பக்கம் வைத்துக்கொள்ளலாம். எறும்புப் புற்றும் விலங்குத் தடமும் இருந்தால் விலகிவிடுங்கள். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவது பழைய பழக்கம். அது மண்ணை அரிக்கும். இடம் சரியாக இருந்தால் அதற்கு வேலையும் இல்லை.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே துளியும் நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். வாசல் காற்றைப் பார்த்து இருக்க வேண்டாம். முளைகளின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும்.

அடுப்பு மட்டும் எந்த மழையிலும் உள்ளே வரக் கூடாது. கனன்றுகொண்டிருக்கும் கரியும் அப்படித்தான்: அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.