எம்மா வாட்சன் மாதிரி உடுத்த ஆசையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் என் சித்தி மகள் போனை நீட்டினாள். ஆங்கிலப் பட நடிகை எம்மா வாட்சன் எப்போதோ போட்டிருந்த மாதிரியே ஒரு வெள்ளை டாப், ஆன்லைனில் 399 ரூபாய். "இவங்க ஃபேர் டிரேட் துணிதான் போடுவாங்களாம் அக்கா, அதனாலதான் இவங்க ஸ்டைல் எனக்குப் பிடிக்கும், வாங்கிக்கட்டுமா?" என்றாள். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தேன். கழுத்து அளவு இருக்கிறது, கை அளவு இருக்கிறது, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவது எப்படி என்றும் இருக்கிறது. எந்த ஊரில் தைத்தது, தைத்தவருக்கு என்ன கூலி என்று ஒரு வரி கிடையாது.

முதல் தவறு இதுதான், ரொம்பப் பேர் செய்வது. அவர் உடுத்தும் விதம் பிடித்துப்போகிறது, உடனே அந்தத் தோற்றத்தை மட்டும் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று தேடுகிறோம். அவர் எதற்காக அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்தாரோ அந்தக் காரணம் பார்சலில் வருவதே இல்லை.

அவர் என்ன செய்தார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளையாக ஹாரி பாட்டர் படங்களில் ஹெர்மாயினி வேடத்தில் நடித்தே உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டவர். 1990இல் பிறந்தவர். இருபது வயது ஆகும் முன்பே பீப்பிள் ட்ரீ என்ற நியாய வர்த்தகத் துணி நிறுவனத்தோடு (ஃபேர் டிரேட் என்பது இதுதான், செய்தவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்குவது) சேர்ந்து இளவயதினருக்கான உடைகளை உருவாக்கினார், 2010இன் தொடக்கத்தில் அவை விற்பனைக்கு வந்தன. சஃபியா மின்னி என்பவர் 1991இல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனம் அது. எம்மா அந்த வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை. அதே 2010இல் வங்கதேசம் போய், டாக்காவில் ஆடைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கும் இடத்தையும் பார்த்தார், கிராமத்தில் ஸ்வாலோஸ் என்ற அமைப்பில் பெண்கள் தறியிலும் ஊசியிலும் வேலை செய்து சொந்த வீட்டிலிருந்தே பிழைப்பதையும் பார்த்தார். மூன்று வருஷம் கழித்து, 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். முந்தின நாளே சுவர்களில் விரிசல் கண்டுவிட்டது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன, மேலே துணி தைக்கிறவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "அவங்க பணக்காரங்க, அவங்களுக்கு முடியும், நமக்கெல்லாம் எதுக்கு?" என்று ஒதுக்கிவிடுவது. 2016இல் நியூயார்க்கின் மெட் காலா விருந்துக்கு அவர் போட்டுப்போன உடையைப் பாருங்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி இழுத்த நூலில் நெய்தது என்பதுதான் எல்லோரும் பேசிய செய்தி. எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்த உடை தனித்தனியாகக் கழற்றக்கூடிய துண்டுகளாகத் தைக்கப்பட்டிருந்தது, உள்ளே பேன்ட், மேலே ஒரு கச்சு, பின்னால் இழுபடும் நீளத் துணி, எல்லாவற்றையும் பிற்பாடு வேறு வேறு உடைகளோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தடவை போட்டதைத் திரும்பவும் போடுவதற்கு யாருக்கும் பணம் தேவையில்லை. நம் வீட்டில் பாட்டியின் புடவை அம்மாவுக்குப் பாவாடையாகி, அப்புறம் எனக்குத் தலையணை உறையாகியிருக்கிறது, நமக்கு இது புதிதா என்ன. 2017இல் ஒரு படத்துக்காக நாடு நாடாகப் போனபோது, போட்ட உடைகள் எப்படி உருவானவை, யார் செய்தவை என்று இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கே தொடங்கி எழுதினார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தப் பழக்கத்தை.

அநியாயக் கூலியெல்லாம் வங்கதேசத்தில் நடப்பது என்று நினைப்பதும் தப்பு. மேட்டுப்பாளையம் இறங்கி அவிநாசி வழியாகப் போனால் மூன்று மணி நேரத்தில் திருப்பூர். எங்கள் மலையிலிருந்து பனியன் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் போன பெண்கள் எத்தனை பேர் என்று எஸ்டேட் லைன்களில் கேட்டால் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் தெரியும்தானே? மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மில்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். உடம்பு முடியாமல் நடுவில் திரும்பி வந்தவர்களில் பல பேருக்கு அந்த மொத்தப் பணம் வரவே இல்லை. அந்த நூலும் யாரோ ஒருவருடைய அழகான டாப்பாகத்தான் ஆகியிருக்கும்.

சரி, அப்படியென்றால் லேபிள் பார்த்து வாங்குகிறேன் என்பீர்கள். நல்லது, ஆனால் லேபிளில் எழுதாததை அதில் படிக்காதீர்கள். ஃபேர்ட்ரேட் காட்டன் என்ற முத்திரை இருந்தால், பருத்தி விளைவித்த விவசாயிக்குக் குறைந்தபட்ச விலையும் அதற்கு மேல் ஊர்ப் பொதுவுக்கு ஒரு தொகையும் போயிருக்கிறது என்று அர்த்தம். அதே துணியைத் தைத்தவரின் கூலியைப் பற்றி அந்த முத்திரை பேசாது. ஜி.ஓ.டி.எஸ். என்ற முத்திரை இயற்கை முறையில் விளைந்த நாருக்கானது, குறைந்தது 70 சதவீதம் அப்படிப்பட்ட நார் இருக்க வேண்டும், முழு 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம். ஆலையில் சாயக்கழிவு, வேலை நிலைமை பற்றியும் அதில் விதிகள் உண்டு. 2006இல் நம் அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்தது என்று மட்டும் உறுதி சொல்லும், நெய்தவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்லாது. 'ஹேண்ட்மேட்' என்று தனியாக ஒரு சொல் மட்டும் இருந்தால், கையால் செய்தார்கள், அவ்வளவுதான். விலை அதிகமாக இருப்பதும் எதற்கும் அத்தாட்சி கிடையாது. உலக நியாய வர்த்தக அமைப்பின் முத்திரைதான் அந்த நிறுவனம் மொத்தமும் எப்படி நடக்கிறது, கூலி, முன்பணம், குழந்தைத் தொழில் எல்லாம் உட்பட, என்று சோதித்துப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அதில் உறுப்பினராக இருக்கும் லாஸ்ட் ஃபாரஸ்ட் நிறுவனம் எங்கள் கோத்தகிரியிலேயே இருக்கிறது என்பது இங்கிருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

இனி நான் எதற்காக இதை எழுத உட்கார்ந்தேனோ அந்த விஷயம். ஊட்டிக்கு வருகிறவர்களும் சரி, இங்கேயே பிறந்த நாமும் சரி, நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எம்பிராய்டரி வாங்கும்போது செய்கிற தவறுகள்.

வெள்ளை முரட்டுப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக இருக்குமே, அந்தச் சால்வை. தோடர்கள் அதைப் பூத்துக்குளி என்பார்கள். ஊட்டிக்கு மேலே ஒரு மந்தில் (தோடர் குடியிருப்பைத்தான் மந்து என்பார்கள்), வீட்டு வாசல் புல்லில் உட்கார்ந்து ஒரு அக்கா தைப்பதை அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். சட்டம் இல்லை, பென்சில் கோடு இல்லை, பார்த்துத் தைக்க ஒரு படம்கூட இல்லை. துணியை மடியில் போட்டுக்கொண்டு ஊசி நுனியால் நெசவின் இழைகளை எண்ணுகிறார், உதடு அசைகிறது, எண்ணிய இடத்தில் ஊசி இறங்குகிறது, நூலை ஒரேயடியாக இழுத்து இறுக்காமல் துளி விடுகிறார், அதனால்தான் தொட்டால் மேடுதட்டுகிறது. நான் ஏதோ கேட்டதில் எண்ணிக்கை தப்பிவிட்டது. முகம் சுளிக்காமல் நான்கு தையலைப் பிரித்துவிட்டு மறுபடி எண்ணினார். முழுச் சால்வை ஒன்றுக்கு மாதக்கணக்கில் ஆகும், சமையலும் பிள்ளைகளும் பார்த்த நேரம் போகக் கிடைக்கிற நேரத்தில்தானே தைக்க முடியும். விசேஷங்களுக்குப் போர்த்திக்கொள்வது அது, இறந்தவரைப் போர்த்தி அனுப்புவதும் அதில்தான். அதனால் அந்த வேலைப்பாட்டைச் செருப்புக்கும் கால்மிதிக்கும் கேட்டு ஆர்டர் கொடுக்காதீர்கள், கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

2013இல் இதற்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணின் பொருள் என்ற சட்டப்படியான அடையாளம், கிடைத்தது, தோடர்களின் சங்கமும் கோத்தகிரி கீஸ்டோன் அமைப்பும் தமிழக அரசின் பூம்புகார் கைவினை நிறுவனமும் சேர்ந்து வாங்கியது. ஆனால் குறியீடு கிடைத்ததால் நகல் நின்றுவிடவில்லை. மெஷினில் அடித்த சிவப்பு கறுப்புச் சால்வைகள் கடைகளில் தொங்குகின்றன, சிலவற்றில் வெறும் அச்சுதான். பார்த்ததும் வாங்காமல் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கையில் தைத்தது இரண்டு பக்கமும் போர்த்தும்படி இருக்கும், விரலை ஓட்டினால் மேடு தெரியும், எங்காவது ஒரு இழை முன்னே பின்னே இருக்கும். மெஷின் வேலையில் பின்பக்கம் தையலைத் தாங்க ஒட்டிய காகிதமும் நூல் முடிச்சுமாகக் கிடக்கும், இல்லையென்றால் அச்சின் மங்கல்.

அப்புறம் பேரம். 2023 செப்டம்பரில் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு இந்த மலையின் சிறு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு ஏக்கர் தேயிலை. பறிகூலிகூடத் தேறாத விலைக்கு இலையைக் கொடுத்துவிட்டு அம்மா ராத்திரி கணக்கு நோட்டை மூடும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான், கல்லூரியில் படிக்கும்போது ஒரு தோடர் அக்காவிடம் சின்னப் பர்ஸுக்கு "பாதி விலைக்குக் கொடுங்கக்கா" என்று நின்றேன், அவரும் கொடுத்தார். தேயிலைக்கு நாம் கேட்பதும் அவர் ஊசிக்குக் கேட்பதும் ஒரே விலைதான் என்று எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. காசு குறைவாக இருந்தால் சால்வையை விட்டுவிட்டுப் பர்ஸோ கைக்குட்டையோ வாங்குங்கள், முழு விலை கொடுத்து வாங்குங்கள்.

கடை வைத்திருக்கிறவர்களும், இன்ஸ்டாவில் வாங்கி விற்கும் தம்பி தங்கைகளும் செய்கிற தவறு இதைவிடக் கனமானது. மந்தில் அந்த அக்காவிடம், இதற்குப் பணம் எப்போது வரும் என்று கேட்டேன். "வித்தா வரும்" என்றார். சரக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், விற்றால் காசு, விற்காவிட்டால் ஆறு மாசம் கழித்து அழுக்கான துணி திரும்பி வரும். கடையில் வாங்கிய நூலுக்கு அவர் அன்றைக்கே பணம் கொடுத்தாயிற்று. நியாய வர்த்தகத்தில் கைவினைப் பொருளுக்கு, செய்கிறவர் கேட்டால் குறைந்தது 50 சதவீதம் முன்பணம் தர வேண்டும் என்று விதியே இருக்கிறது, நூல் வாங்கவும் அந்த மாதம் அடுப்பு எரியவும்தான் அது. போஸ்டரில் தோடர் பாட்டியின் முகத்தைப் போட்டுவிட்டு முன்பணம் கொடுக்காமல் இருந்தால், 'நியாயம்' என்ற சொல்லைப் பலகையில் எழுதாதீர்கள். வாங்கப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதைத் தைத்தவருக்குப் பணம் கொடுத்தாச்சா, எப்போ கொடுத்தீங்க?" ஒரு கடையில் இப்படிக் கேட்டதும் அந்த அம்மா எதுவும் பேசாமல் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினார், பேர், தேதி, தொகை, பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ. இன்னொரு கடையில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இரண்டுமே பதில்தான்.

வாங்கிய பிறகும் ஒரு தவறு நடக்கிறது. சிவப்பு நூல் சாயம் விடலாம், மற்ற துணியோடு ஊறப்போடாமல் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். ஆடி மாசம் நம் ஊர் பனிமூட்டத்தில் எதுவும் லேசில் காயாது, அரைகுறை ஈரத்தில் பீரோவில் வைத்தால் பத்து நாளில் பூஞ்சை.

கடைசியாக, நல்ல துணிதான் போடப்போகிறேன் என்று முடிவு எடுத்த வேகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தூக்கிப் போடாதீர்கள். ஏற்கெனவே தைத்தாகிவிட்ட துணியில் யாரோ ஒருத்தியின் உழைப்பு இருக்கிறது, அதை இன்னும் நான்கு வருஷம் போட்டால் அதுவும் அவளுக்குச் செய்யும் மரியாதைதான். சித்தி மகளின் பீரோவை அன்றைக்கே இருவருமாகத் திறந்து பார்த்தோம். அடியில் ஒரு வெள்ளைக் குர்தி, போன பொங்கலுக்கு எடுத்தது, பக்கத் தையல் விட்டுப்போனதால் மடித்து வைத்துவிட்டாளாம். மார்க்கெட்டுக்குப் பக்கத்து டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோனோம். தையலைப் பிரித்து, கையைச் சுருக்கி, கழுத்தை அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே வெட்டித் தருகிறேன் என்றார், 120 ரூபாய். பேரம் பேச வாயெடுத்தவள் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பணத்தை முதலிலேயே கொடுத்துவிட்டோம், சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.