ரைஃபிளோடு ஸ்டாண்ட்பை: தென்னாப்பிரிக்க வேட்டைக்கு முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

ஸ்டாண்ட்பை டிக்கெட்டில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். இடம் இருந்தால் ஏறுவோம், இல்லாவிட்டால் அடுத்த விமானம், அதுவும் இல்லாவிட்டால் நாளைக்கு. துணிமணிப் பெட்டியோடு போகும்வரை இதில் சிரமமில்லை. பெட்டிக்குள் ரைஃபிள் வந்துவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. ஸ்டாண்ட்பைக்கு நாளும் நேரமும் தளர்வாக இருக்க வேண்டும். துப்பாக்கிக்கான காகிதங்களோ எந்த நாள், எந்த விமானம், எந்த ஊர் வழியாக என்று ஒவ்வொன்றையும் இறுக்கிக் கட்டுகின்றன. இந்த இரண்டும் மோதும் இடங்களை முன்பே தெரிந்துகொண்டால் பயணம் கெடாது.

அமெரிக்காவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போகிற, விமான நிறுவன ஊழியர் சலுகை டிக்கெட் வைத்திருக்கிற ஒருவரை மனதில் வைத்து எழுதுகிறேன். அவர் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர் என்றும் எடுத்துக்கொள்கிறேன். வேலை விசா, மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கே அமெரிக்கச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அவர்கள் போகிற இடத்தில் ரைஃபிளை வாடகைக்கு எடுப்பதுதான் சரி.

வாடகை யோசனை மற்றவர்களுக்கும் பொருந்தும். வேட்டை ஏற்பாடு செய்யும் அவுட்ஃபிட்டர்கள் பெரும்பாலும் ரைஃபிள் வாடகைக்குத் தருகிறார்கள். இது உங்கள் முதல் ஸ்டாண்ட்பைப் பயணமாகவும் முதல் வெளிநாட்டு வேட்டையாகவும் இருந்தால், வாடகை ரைஃபிளைத்தான் நான் சொல்வேன். சொந்த ரைஃபிளில் கை பழகியிருக்கிறது, அதையே எடுத்துப்போக வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

படி 1: சலுகை டிக்கெட்டின் விதியைப் படியுங்கள்

பயணிகளுக்கான துப்பாக்கி விதி ஒன்று, ஊழியர் சலுகைப் பயணத்துக்கான விதி இன்னொன்று. நிறுவனத்தின் சலுகைக் கையேட்டில் ஸ்டாண்ட்பைப் பயணி துப்பாக்கியை செக்-இன் செய்யலாமா என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவர் இப்படி ஒரு பயணியை அதற்கு முன் பார்த்திராமல் இருக்கலாம்.

படி 2: பாதை

என் பார்வையில் முழுப் பயணத்தின் தலையெழுத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரே விதியாகச் சொன்னால்: இடம் கிடைக்காமல் ஓர் இரவு தங்க நேர்ந்தாலும் ரைஃபிளோடு சட்டப்படி தங்கக்கூடிய ஊர்களின் வழியாக மட்டும் போங்கள்.

2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். அவரது லக்கேஜில் பூட்டிய பெட்டியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. லக்கேஜை வாங்கிக்கொண்டு விமான நிலைய ஹோட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை கவுன்டரில் முறைப்படி துப்பாக்கியைத் தெரிவித்தபோது, நியூஜெர்சி சட்டத்தின்படி கைது செய்யப்பட்டார். சில நாட்கள் சிறையில் இருந்தார். குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. அவர் நஷ்டஈடு கேட்டுத் தொடுத்த வழக்கிலோ, 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. துப்பாக்கியோடு மாநிலங்களைக் கடந்து போகிறவர்களுக்கு 1986-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அன்றிரவு பெட்டி அவர் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அது பொருந்தாது என்றது நீதிமன்றம்.

அவர் உறுதியான டிக்கெட் வைத்திருந்தவர். ஒருமுறை இணைப்பு தவறியதற்கே இந்த நிலை. நாமோ இணைப்பு தவறலாம் என்று தெரிந்தே கிளம்புகிறவர்கள். அதனால் நியூவார்க், நியூயார்க் விமான நிலையங்களை இந்தப் பயணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். ஏதோ ஒரு காரணத்தால் அங்கே மாட்டிக்கொண்டால் துப்பாக்கி உள்ள லக்கேஜை வாங்கி வெளியே கொண்டுபோகாதீர்கள். விமான நிறுவனத்திடமே இருக்கட்டும். முடியாது என்றால் விமான நிலைய போலீசைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஐரோப்பா வழியும் வேண்டாம். ஆம்ஸ்டர்டாமில் விமானம் மாறினால்கூட டச்சு சுங்கத்துறையின் முன் அனுமதி தேவை. லண்டன் வழி என்றால் பிரிட்டிஷ் அனுமதி. இவை எல்லாம் பயண விவரத்தை வைத்துத் தருபவை. விமானம் மாறிப்போனால் கையில் இருக்கும் காகிதம் உதவாது. வேறு நிறுவனத்தின் ஸ்டாண்ட்பை டிக்கெட்டுக்கு மாறும்போது லக்கேஜை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியும் வரலாம். அப்படி எடுத்தால் அந்த நாட்டுக்குள் துப்பாக்கியை இறக்குமதி செய்ததாக ஆகிவிடும்.

மிஞ்சுவது நேரடி விமானம். டெல்டாவின் அட்லாண்டா – ஜோகன்னஸ்பர்க் அப்படி ஒன்று, பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறக்கும். உங்கள் ஊரிலிருந்து அட்லாண்டாவுக்குக் காரில் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் அந்த உள்நாட்டுப் பகுதிக்கு மட்டும் காசு கொடுத்து உறுதியான டிக்கெட் வாங்குங்கள். அந்தப் பணம் வீண் இல்லை.

படி 3: காகிதங்கள்

முதல் காகிதம் அமெரிக்க சுங்கத்துறையின் 4457 படிவம். ரைஃபிளைச் சுங்க அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோக வேண்டும். அதிகாரி வரிசை எண்ணைச் சரிபார்த்து, அவர் முன்னிலையில் நீங்கள் கையெழுத்திட்டதும் முத்திரை வைப்பார். கிளம்பும் நாளில் செய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள். பல வாரம் முன்பே, போன் செய்துவிட்டுப் போங்கள். துப்பாக்கியை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தொலைநோக்கியையும் அதே படிவத்தில் எழுதிவிடுங்கள். இந்தப் படிவம் தென்னாப்பிரிக்காவில் ரைஃபிள் உங்களுடையது என்பதற்குச் சான்று. திரும்பும்போது, அதை வெளிநாட்டில் வாங்கவில்லை என்பதற்கும் இதுதான் சான்று. இரவுக் காட்சி, வெப்பக் காட்சி தொலைநோக்கிகளுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு உண்டு, அவற்றை வீட்டிலேயே வையுங்கள்.

இரண்டாவது, தென்னாப்பிரிக்க போலீசின் எஸ்ஏபிஎஸ் 520 படிவம், அதாவது தற்காலிக இறக்குமதி அனுமதிக்கான விண்ணப்பம். கறுப்பு மையில் நிரப்புங்கள். தென்னாப்பிரிக்க போலீஸ் அதிகாரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், எனவே முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். கூடவே பாஸ்போர்ட், 4457, அவுட்ஃபிட்டரின் அழைப்புக் கடிதம், பயண விவரம் வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை அனுமதி, அதுவும் அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டா மட்டும்.

ஸ்டாண்ட்பைக்காரர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேட்டை ஏழு நாள் என்றால் அனுமதியையும் ஏழு நாளுக்குக் கேட்காதீர்கள். முன்னால் சில நாள், பின்னால் ஒரு வாரமாவது சேர்த்துக் கேளுங்கள். அழைப்புக் கடிதத்திலும் அதே தேதிகள் வரும்படி அவுட்ஃபிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 4: பெட்டி

உறுதியான, பூட்டக்கூடிய கடினப் பெட்டி. எல்லாப் பூட்டுத் துளையிலும் பூட்டு. ஓரத்தை நெம்பினால் விரலளவுகூடத் திறக்கக் கூடாது. சாவி உங்களிடம் மட்டும். ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்தை) கழற்றித் தனியாக வையுங்கள்.

தோட்டாக்கள் அவற்றின் அட்டைப்பெட்டியிலோ அதற்கென்று செய்த பிளாஸ்டிக் பெட்டியிலோ இருக்க வேண்டும். அதை ஒரு சிறிய பூட்டிய பெட்டிக்குள் வைத்து, செக்-இன் செய்யும் இன்னொரு லக்கேஜில் போடுங்கள். ஒருவருக்கு 5 கிலோதான். அதனால் பெரிய ரைஃபிள் தோட்டாவில் 200 என்ற எண்ணை எட்டுவதற்கு முன்பே எடை வரம்பு வந்துவிடும். ஒரு வார வேட்டைக்கு 60 தோட்டா தாராளம்.

இரண்டு பேர் போனால் இரண்டு ரைஃபிளையும் ஒரே பெட்டியில் போடுவது வசதியாகத் தெரியும். ஸ்டாண்ட்பையில் அது ஆபத்து. "ஒரு இடம்தான் இருக்கிறது, பிரிந்து போகிறீர்களா?" என்று விமானம் ஏறும் கேட்டில் கேட்பார்கள். ஆளுக்கொரு பெட்டி, அவரவர் பெயரில் டேக் என்றிருந்தால் மட்டுமே அந்தக் கேள்விக்கு ஆம் சொல்ல முடியும்.

படி 5: கிளம்பும் நாள்

நான்கு மணி நேரம் முன்பே போங்கள். தானியங்கி இயந்திரம் உதவாது, கவுன்டருக்குத்தான் போக வேண்டும். "தோட்டா இல்லாத ஒரு ரைஃபிளைச் செக்-இன் செய்ய வேண்டும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்ற உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டு, பெட்டியைப் பூட்டிக் கொடுத்ததும் பாதுகாப்புச் சோதனை நடக்கும். அது முடிந்தது என்று சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள், சாவி தேவைப்படலாம்.

அப்புறம் லக்கேஜ் விஷயம். சர்வதேச விமானத்தில் ஆள் ஏறாமல் லக்கேஜ் போகக் கூடாது. ஆகவே உங்களுக்கு இருக்கை உறுதியான பிறகுதான் பெட்டி ஏறும், அதற்குக் கடைசி சில நிமிடங்களே இருக்கலாம். இருக்கை எண் கைக்கு வந்ததும் கேட் ஊழியரிடம் டேக் எண்ணைக் காட்டி, பெட்டி ஏறியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்நாட்டு விமானத்தில் நிலைமை தலைகீழ். நீங்கள் கேட்டில் காத்திருக்க, பெட்டி முந்தைய விமானத்தில் போய்விடலாம். எனக்கு ஒருமுறை அப்படி நடந்தது. ஐந்து மணி நேரம் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது ரைஃபிள் பெட்டி லக்கேஜ் அலுவலகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை நான் மறக்கவில்லை. உள்நாட்டுப் பகுதிக்கு டிக்கெட் வாங்குங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: ஜோகன்னஸ்பர்க்கில்

ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் ரைஃபிள் லக்கேஜ் பெல்ட்டில் வராது, போலீசின் துப்பாக்கி அலுவலகத்துக்குப் போகும். பாஸ்போர்ட் முத்திரை வாங்கி, மற்ற லக்கேஜை எடுத்துக்கொண்டு அங்கே போங்கள். எண்ணைச் சரிபார்த்து அனுமதிச் சீட்டைத் தருவார்கள். அதில் வரிசை எண், தேதி இரண்டையும் அங்கேயே படித்துப் பாருங்கள்.

படி 7: திரும்பும் பயணம்

போவதைவிட வருவது கடினம். அந்த விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று அடர்த்தி குறைவு, முழு எரிபொருளோடு நீண்ட தூரம் பறக்க வேண்டும், அதனால் விமானத்தின் எடைக்கு வரம்பு விழுகிறது. பட்டியலில் பத்து இருக்கை காலி என்று காட்டினாலும் எடை காரணமாக ஒரு ஸ்டாண்ட்பைப் பயணியைக்கூட ஏற்றாமல் போகலாம். வேட்டைக்காலமான ஜூன், ஜூலை அமெரிக்கப் பள்ளி விடுமுறையும்கூட. இரண்டு மூன்று நாள் காத்திருக்க நேரம் ஒதுக்குங்கள். துப்பாக்கியைப் பூட்டி வைக்கப் பெட்டகம் உள்ள விடுதியை, கிளம்பும் முன்பே அவுட்ஃபிட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விடுப்பு தீர்கிறது, விமானமும் நிரம்பியிருக்கிறது என்றால் அதே விமானத்தில் ஒருவழி டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். ஐரோப்பா வழியாக இடம் இருக்கிறதே என்று மாறாதீர்கள்.

அட்லாண்டாவில் இறங்கியதும் ரைஃபிளை எடுத்து, சுங்கத்தில் தெரிவித்து, 4457-ஐக் காட்டுங்கள். மேற்கொண்டு உள்நாட்டு விமானம் இருந்தால், மற்ற லக்கேஜைப் போல அப்படியே பெல்ட்டில் போட்டுவிடாமல் மறுபடி கவுன்டரில் சொல்லி, புது அட்டையில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.