கன்டினியுவலா, கன்டினியுவஸா?

ஆங்கிலத்தில் எழுதும்போது ‘கன்டினியுவல்’, ‘கன்டினியுவஸ்’ என்னும் இரு சொற்களில் எதை இடுவது என்று தயங்கினால், சொல்லவந்த செயலின் நடுவே இடைவெளி உண்டா என்று முதலில் பாருங்கள். விட்டுவிட்டுப் பலமுறை நிகழ்வது கன்டினியுவல். நடுவில் சிறிதும் அறுபடாமல் நீள்வது கன்டினியுவஸ். நாள் முழுவதும் அடிக்கடி ஒலிக்கும் தொலைபேசிக்கு முன்னது பொருந்தும். நிற்காமல் ஓடும் நீருக்குப் பின்னது பொருந்தும்.

தமிழில் ‘தொடர்ந்து’ என்ற ஒரே சொல் இரு பொருளுக்கும் வருவதால்தான் நாம் தடுமாறுகிறோம் என்று நினைக்கிறேன். ஆகவே, வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் சொல்லி, அந்த இடத்தில் ‘அடிக்கடி’ பொருந்துகிறதா, ‘இடைவிடாமல்’ பொருந்துகிறதா என்று மாற்றிப் பார்த்தால், விடை பெரும்பாலும் தெளிந்துவிடும். கோடு, சுவர் போல இடத்தில் நீளும் பொருள்களுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை, அங்கே கன்டினியுவஸ்தான்.

இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து பிறந்தவை. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் புழங்கிய கன்டினியுவல் மூத்தது. மற்றது 17ஆம் நூற்றாண்டில் வந்தது. அதனாலோ என்னவோ, ஓயாத அச்சத்தையும் வலியையும் கன்டினியுவல் என்றே எழுதும் நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் உண்டு; அதைப் பிழையென்று திருத்தப் புக வேண்டாம்.