கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கேரளா பீஃப் ரோஸ்ட்: முதல்முறை செய்பவர்களுக்கு

கோட்டயம், பாலா பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் 1 முதல் ‘25 நோன்பு’ எனும் 25 நாள் நோன்பு இருப்பார்கள். கறியும் மீனும் கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று நோன்பு முறிந்ததும் பாலப்பத்தோடு மேசைக்கு வரும் பதார்த்தங்களில் ஒன்று ‘பீஃப் உலர்த்தியது’, அதாவது ஈரம் வற்ற வறுத்த இந்த பீஃப் ரோஸ்ட். நம் ஊர் சுக்கா வறுவல் செய்யத் தெரிந்தால் இதுவும் எளிதில் கைவரும். ஒன்றே ஒன்று, அவசரப்படக் கூடாது.

1 கிலோ பீஃப் வாங்குங்கள். சுத்தமான சதையாக இல்லாமல் கொஞ்சம் கொழுப்பும் சவ்வும் இருக்கட்டும். வறுக்கும்போது ருசி அதிலிருந்துதான் வரும். சிறு துண்டுகளாக வெட்டச் சொல்லி, கழுவித் தண்ணீரை நன்றாக வடியவிடுங்கள்.

முதலில் ஊறவைக்க வேண்டும். மஞ்சள் தூள் அரை டீஸ்பூன், மிளகாய்த் தூள் 2, மல்லித் தூள் 3, மிளகுத் தூள் 1, கரம் மசாலா ஒன்றரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது 2 டேபிள்ஸ்பூன், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், உப்பு, ஒரு கொத்து கறிவேப்பிலை. எல்லாவற்றையும் கறியில் கையால் அழுத்திப் பிசைந்து அரை மணி நேரம் வையுங்கள். கரம் மசாலாவில் சோம்பு தூக்கலாக இருந்தால் அந்த ஊர் மணம் வரும்.

அடுத்து குக்கர். கால் டம்ளர் தண்ணீர் போதும், கறியே நிறைய நீர் விடும். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம். பிரஷர் தானாக இறங்கியதும் ஒரு துண்டை அழுத்திப் பாருங்கள். ரப்பர் மாதிரி இழுத்தால் இன்னும் 5, 10 நிமிடம் வேகட்டும். சவ்வு கரைய நேரம் எடுக்கும்; முற்றிய மாடு, எருமை என்றால் இன்னும் கூடும். இதுவரை உள்ள வேலையை 24-ம் தேதி இரவே முடித்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

இனிதான் உலர்த்துவது. அகலமான இரும்புச் சட்டியில் 4 டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய். வேறு எண்ணெய் வேண்டாம், அந்த மணம் இல்லாமல் இது வேறு பண்டமாகிவிடும். கடுகு வெடித்ததும் ஒரு கைப்பிடி தேங்காய்க் கொத்து (பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய்) போட்டுப் பொன்னிறமாக வறுங்கள். அப்புறம் நறுக்கிய சின்ன வெங்காயம் 150 கிராம், கறிவேப்பிலை 2 கொத்து. வெங்காயம் சிவந்ததும் கறியைச் சாற்றோடு கொட்டுங்கள்.

சாறு வற்றும் வரை தீ பெரிதாக இருக்கட்டும். ஈரம் இருக்கும் வரை கறி வேகுமே தவிர வறுபடாது. வற்றியதும் தீயைக் குறைத்து 25 முதல் 30 நிமிடம், அவ்வப்போது அடியோடு புரட்டிவிட வேண்டும். மூடி போடாதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். அடிப்பிடித்தால் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுரண்டிக் கலந்துவிடுங்கள். பழுப்பு நிறம் வந்ததும் பலரும் இறக்கிவிடுகிறார்கள், இன்னும் பொறுங்கள். மசாலா கறியோடு ஒட்டி, கருத்து, ஓரங்கள் மொறுமொறுப்பானால்தான் பதம்.

கடைசியாக இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், இன்னும் கொஞ்சம் கறிவேப்பிலை சேர்த்து ஒரு புரட்டு. அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டூ தனியாக வையுங்கள். மதியம் சோறு, மோர்க் கறியோடு (நம் மோர்க்குழம்பு மாதிரி) இது இன்னும் நன்றாக இருக்கும்.