சச்சின் ரெக்கார்ட் பத்தி பேசும்போது நம்மாளுங்க அடிக்கடி பண்ற தப்புகள்

சச்சின் டெண்டுல்கர் கடைசியா வாங்கடே ஸ்டேடியத்துல 74 அடிச்சுட்டு போனது 2013 நவம்பர்ல. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் வந்துட்டாங்க, ஆனா மேட்ச் இருக்குற நாள்ல எந்த குரூப்பை திறந்தாலும் அவரோட நம்பரை வச்சு ஒரு பஞ்சாயத்து ஓடிட்டேதான் இருக்கு. ரசிகர்களும் தப்பா சொல்றாங்க, திட்றவங்களும் தப்பா சொல்றாங்க. ரெண்டு சைடு கையிலயும் இருக்குற நம்பர் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும், அந்த நம்பர் எதை எண்ணி வந்துச்சுன்னு பாக்காம எடுத்து வீசுறதுலதான் கோளாறு.

சின்னதுல இருந்து ஆரம்பிப்போம். ஆவரேஜ். டெஸ்ட்ல 329 இன்னிங்ஸ், 15,921 ரன், ஆவரேஜ் 53.78. ஒருத்தர் கால்குலேட்டர்ல 15,921ஐ 329ஆல வகுத்துட்டு "என்னய்யா 48 தானே வருது, 53ன்னு ஏமாத்துறாங்க"ன்னு போடுவாரு. ஆவரேஜுக்கு வகுக்கறது இன்னிங்ஸ் கணக்கால இல்லைங்க, எத்தனை தடவ அவுட் ஆனாரோ அதால. 33 தடவ நாட் அவுட், அதை கழிச்சா 296, இப்ப வகுத்துப் பாருங்க, 53.78 வரும். ஒன்டேல 452 இன்னிங்ஸ்ல 41 நாட் அவுட், 18,426ஐ 411ஆல வகுத்தா 44.83. அதே மாதிரி மேட்ச் வேற, இன்னிங்ஸ் வேற. ஒன்டே 463 மேட்ச், ஆனா பேட்டிங் பண்ணது 452 தடவதான். "எத்தனை மேட்ச்ல எத்தனை செஞ்சுரி"ன்னு போடறப்ப இதை குழப்பிக்கிட்டா முழு கணக்கும் போச்சு.

அடுத்தது அந்த 100 செஞ்சுரி. டெஸ்ட்ல 51, ஒன்டேல 49, ரெண்டும் சேர்த்து 100. டி20 இன்டர்நேஷனல் அவர் ஆடினதே ஒண்ணுதான், 2006 டிசம்பர்ல ஜோகன்னஸ்பர்க்ல, 10 ரன். இதை கொண்டு போய் "அந்தக் கால ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் பிராட்மேன் 117 செஞ்சுரி அடிச்சிருக்காரு, சச்சின் 100 தானே"ன்னு பக்கத்துல வைக்கறாங்க. 117ங்கறது ஃபர்ஸ்ட் கிளாஸ் கணக்கு, அதாவது டெஸ்டோட சேர்த்து உள்ளூர்ல நாள் கணக்குல ஆடற பெரிய மேட்ச் எல்லாம். பிராட்மேன் டெஸ்ட்ல அடிச்சது 52 மேட்ச்ல 29, அவர் காலத்துல இன்டர்நேஷனல் ஒன்டேன்னு ஒண்ணே கிடையாது. சச்சினோட ஃபர்ஸ்ட் கிளாஸ் செஞ்சுரி 81. ஒப்பிடணும்னா 117க்கு 81, 29க்கு 51, இப்படி வைங்க. பிராட்மேனோட 99.94 ஆவரேஜ் முன்னாடி யாருமே நிக்க முடியாது, அது தனிக் கதை, அதுக்காக கணக்கை மாத்தி போட வேணாம்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வரேன். "சச்சின் செஞ்சுரி அடிச்சா இந்தியா தோத்துடும்." இதை சொல்லாத ஆளு டீக்கடைல இருந்து ஆபீஸ் வரைக்கும் கிடையாது. கணக்கு என்ன சொல்லுதுன்னா, ஒன்டேல 49 செஞ்சுரில 33 மேட்ச் ஜெயிச்சது, 14 தோத்தது, ஒண்ணு டை, ஒண்ணு முடிவு இல்லாம போச்சு. டெஸ்ட்ல 51ல 20 வெற்றி, 20 டிரா, 11 தோல்வி. மொத்தமா 53 ஜெயிச்சிருக்கு, 25 தோத்திருக்கு. அப்புறம் ஏன் இந்தப் பேச்சு ஒட்டிக்கிச்சுன்னா, தோத்த மேட்ச் எல்லாம் அப்படி மனசுல ஊசி குத்தின மாதிரி நிக்குது. 2009ல ஹைதராபாத்ல ஆஸ்திரேலியா 350 அடிச்சாங்க, இவர் 141 பால்ல 175, அவர் அவுட் ஆனதும் மத்தவங்க சொதப்பி 3 ரன்ல தோத்தோம். 2011 வேர்ல்ட் கப்ல நாக்பூர்ல சவுத் ஆப்பிரிக்காவுக்கு எதிரா 111, ஒரு கட்டத்துல 267க்கு 1 விக்கெட், அங்க இருந்து 296க்கு ஆல் அவுட்! 29 ரன்ல 9 விக்கெட் போனதுக்கு மேல இருந்து 111 அடிச்சவர் எப்படிங்க பொறுப்பு? அதுதான் அவரோட 99ஆவது செஞ்சுரி.

100ஆவது விஷயத்துல மட்டும் திட்றவங்க பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு நான் நினைக்கறேன். 2012 மார்ச் 16, மிர்பூர், பங்களாதேஷுக்கு எதிரா 114 ரன் எடுக்க 147 பால் ஆச்சு, 289 அடிச்சும் பங்களாதேஷ் சேஸ் பண்ணிட்டாங்க. முந்தின செஞ்சுரி அடிச்சு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு, நாடே தலைல உக்காந்து எண்ணிட்டு இருந்துச்சு, அந்த பாரம் ஆட்டத்துல தெரிஞ்சுது. ஆனா அந்த ஒண்ணை வச்சு மிச்சம் 99ஐயும் அளக்கறதுதான் தப்பு.

ஷார்ஜால இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூணு டீமும் ஆடின தொடர் பத்தி ரசிகர்களே பண்ற தப்பு ஒண்ணு இருக்கு, இது ரொம்ப காமெடி. 1998 ஏப்ரல் 22, மணல் புயல் அடிச்ச மேட்ச், 143 அடிச்சு "இந்தியாவை ஜெயிக்க வச்சாரு"ன்னு ஸ்டேட்டஸ் போடுவாங்க. அந்த மேட்ச்ல இந்தியா தோத்துடுச்சு! ஆஸ்திரேலியா 284, புயலுக்கப்புறம் டார்கெட்டை 46 ஓவர்ல 276ன்னு குறைச்சாங்க, ஆனா நியூசிலாந்தை தாண்டி ஃபைனலுக்கு போறதுக்கு 237 எடுத்தாலே போதும். இந்தியா எடுத்தது 250. அதாவது மேட்ச் போச்சு, ஃபைனல் கிடைச்சுது. ரெண்டு நாள் கழிச்சு 24ஆம் தேதி, அவரோட 25ஆவது பிறந்தநாள் அன்னிக்கு நடந்த ஃபைனல்லதான் 134 அடிச்சு கப்பை தூக்கினது. 143, 134 ரெண்டுமே 131 பால்லதான், அதனாலயோ என்னமோ ரெண்டையும் ஒண்ணா கலக்கிடறாங்க. 237 வந்தா போதும்னு இருக்கறப்ப அதோட நிறுத்திக்காம மேட்சையே ஜெயிக்கணும்னு அடிச்சாரு பாருங்க, எனக்கு அந்த 143 புடிக்கறதுக்கு காரணமே அதுதான், ஜெயிச்சதா பொய் சொல்லணும்னு அவசியமே இல்ல.

"எல்லாம் குட்டி டீம்கிட்ட அடிச்சது"ன்னு ஒரு குரூப் இருக்கு. கென்யாவுக்கு எதிரா 4, நமீபியா 1, ஜிம்பாப்வே ரெண்டு ஃபார்மட்லயும் சேர்த்து 8, பங்களாதேஷ் 6. மொத்தம் 19. டெஸ்ட்ல ஹையஸ்ட் ஸ்கோர் 248 நாட் அவுட்டும் டாக்கால பங்களாதேஷுக்கு எதிராதான், மறுக்கல. ஆனா ஆஸ்திரேலியாவுக்கு எதிரா மட்டும் டெஸ்ட்ல 11, ஒன்டேல 9, ஆகமொத்தம் 20. அந்த நாலு டீம் கணக்கை விட ஒண்ணு கூடவே. மெக்ராத், வார்னே, பிரெட் லீ ஆடின காலத்து ஆஸ்திரேலியா அது. சொல்லப்போனா பாகிஸ்தானுக்கு எதிரா டெஸ்ட்ல 2 செஞ்சுரிதான்ங்கறதை யாராவது சொன்னா அது ஒரு உருப்படியான கேள்வி, அதை யாரும் கேக்க மாட்டாங்க.

"ஒன்டேல முதல் டபுள் செஞ்சுரி சச்சின்" இதுவும் பாதி உண்மைதான். 2010 பிப்ரவரி 24, குவாலியர்ல சவுத் ஆப்பிரிக்காவுக்கு எதிரா 147 பால்ல 200 நாட் அவுட், ஆண்கள் கிரிக்கெட்ல அதுதான் முதல். ஆனா 1997 டிசம்பர்லயே ஆஸ்திரேலியா கேப்டன் பெலிண்டா கிளார்க் டென்மார்க்குக்கு எதிரா 229 நாட் அவுட் அடிச்சுட்டாங்க, அதுவும் எங்க, சச்சினோட ஊர் மும்பையிலயே. "ஆண்கள்ல முதல்"னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதறதுல ஒண்ணும் குறைஞ்சு போகாது.

கோலி வெர்சஸ் சச்சின் சண்டைல நான் தலையிடறதில்ல, ஒரே ஒரு திருத்தம் மட்டும். 49 செஞ்சுரிக்கு கோலிக்கு 277 இன்னிங்ஸ், சச்சினுக்கு 451ன்னு போடறாங்க, நம்பர் சரி. ஆனா சச்சின் முதல் 69 ஒன்டேல ஓப்பனிங்கே இறங்கல, கீழ வந்து மிச்சம் மீதி ஓவர் ஆடினவர். 1994 மார்ச்ல ஆக்லாந்துல ஓப்பனர் சித்துவுக்கு கழுத்து புடிச்சுக்கிட்டதாலதான் ஓப்பனிங் சான்ஸ் கிடைச்சுது, 49 பால்ல 82. அப்பவும் முதல் செஞ்சுரி வந்தது அந்த வருஷம் செப்டம்பர்ல கொழும்புல, 79ஆவது மேட்ச்ல. ஓப்பனரா 340 இன்னிங்ஸ்ல 45, மத்த இடத்துல 112 இன்னிங்ஸ்ல 4. இன்னொண்ணு, 2011 அக்டோபர்ல இருந்து 2025 வரைக்கும் ஒன்டேல முழு 50 ஓவருக்கும் ரெண்டு எண்டுக்கும் ரெண்டு புது பால் இருந்துச்சு, பால் பழசாகி எதிர்ப் பக்கமா வளையற ரிவர்ஸ் ஸ்விங் ரொம்ப குறைஞ்சு போச்சு. சச்சின் அதுக்கு முன்னாடியே கிட்டத்தட்ட எல்லாத்தையும் அடிச்சு முடிச்சுட்டாரு. இதனால கோலி அடிச்சது கம்மின்னு ஆகாது, அவர் சேஸிங்கை பாத்துட்டு அப்படி சொன்னா கண்ணு தெரியலன்னு அர்த்தம். காலத்தை சேர்த்துப் பாருங்கன்னு மட்டும் சொல்றேன்.

டெஸ்ட்ல நாலாவது இன்னிங்ஸ், அதாவது மேட்ச்சோட கடைசி பேட்டிங்ல, ஆவரேஜ் 36.93ங்கறது அடிக்கடி வீசற இன்னொரு கல்லு. அது உண்மையான குறைதான், ஆஸ்திரேலியா பான்டிங்குக்கு 50க்கு மேல இருக்கு. ஆனா வெஸ்ட் இண்டீஸ் லாராவுக்கும் 35 பக்கம்தான், பிட்ச் உடைஞ்ச கடைசி நாள்ல முக்காவாசி பேருக்கு இறங்கத்தான் செய்யும். "பிரஷர்ல ஒண்ணும் அடிச்சதில்ல"ன்னு அதை நீட்டறப்பதான் நம்ம சேப்பாக்கம் குறுக்க வருது. நாலாவது இன்னிங்ஸ்ல அவர் அடிச்ச செஞ்சுரி 3, அதுல 2 இங்கதான். 1999 ஜனவரில பாகிஸ்தான் வச்ச டார்கெட் 271, 6 ரன்னுக்கு 2 விக்கெட் போனப்ப இறங்கினாரு, அப்புறம் 82க்கு 5. முதுகு வலியோட கீப்பர் மோங்கியாவை வச்சுக்கிட்டு 136 வரைக்கும் இழுத்தாரு, 17 ரன் பாக்கி இருக்கறப்ப பாகிஸ்தான் ஸ்பின்னர் சக்லைன் பால்ல அவுட். மிச்சம் மூணு விக்கெட்டும் சேர்த்து எடுத்தது 4 ரன், 12 ரன்ல தோல்வி. 2008 டிசம்பர்ல அதே கிரவுண்ட்ல இங்கிலாந்து வச்ச டார்கெட் 387, சேவாக் 83 அடிச்சு கதவை திறந்து விட்டாரு, இவர் யுவராஜ் கூட நின்னு 103 நாட் அவுட், செஞ்சுரியும் ஜெயிக்கற ரன்னும் ஒரே ஃபோர்ல வந்துச்சு. முதல் மேட்சை மட்டும் சொல்லி ரெண்டாவதை விட்டுடறதும் ஒரு பழக்கமா போச்சு.

கடைசியா, பழைய போஸ்ட்டை அப்படியே காப்பி பண்ணி "இன்னிக்கும் யாரும் தொடல"ன்னு போடாதீங்க. ஒன்டே செஞ்சுரி 49ஐ கோலி 2023 நவம்பர்ல வாங்கடேலயே தாண்டிட்டாரு, 2003 வேர்ல்ட் கப்ல அடிச்ச 673ஐயும் 2023 வேர்ல்ட் கப்ல 765 அடிச்சு தாண்டிட்டாரு, வேர்ல்ட் கப்ல 6 செஞ்சுரிங்கறதை ரோஹித் 7ஆக்கிட்டாரு. 1998ல ஒரே வருஷத்துல ஒன்டேல அடிச்ச 1,894 ரன் மட்டும் அசையாம நிக்குது. டெஸ்ட் ரன்ல இங்கிலாந்தோட ஜோ ரூட் பான்டிங்கையும் முந்திட்டு ரெண்டாவது இடத்துக்கு வந்தாச்சு, மனுஷன் நிறுத்தற மாதிரியும் தெரியல, அதனால 15,921ன்னு போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஸ்கோரை பாத்துட்டு போடுங்க.