மீன் ஏலக்கூடத்துச் சுவரில் ஆவுளியா வரைவது எப்படி?

மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் சுவர் விளம்பரம் எழுதுவது என் பிழைப்பு. சிமெண்ட், ஜவுளிக்கடை விளம்பரங்களோடு கடல் உயிர்களைக் காக்கச் சொல்லும் படங்களும் வரைகிறேன். இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக, ஆவுளியா என்னும் கடல் பசுவை வைத்தே சொல்கிறேன்.

யாருக்காக வரைகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு 2007இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் வெளியிட்டது. அடிபட்ட நாய்கள், பூனைகளின் கண்கள், பின்னால் சோகப் பாட்டு. சுமார் 3 கோடி டாலர் நன்கொடை திரண்டது. பார்க்கத் தாங்காமல் சேனலை மாற்றியவர்களும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து பணம் அனுப்பக்கூடியவரை உருக வைக்க அது நல்ல வழிதான். ஆனால் நாட்டுப்படகில் வலை இழுப்பவரிடம் நாம் நன்கொடை கேட்கவில்லை. ஆவுளியா சிக்கினால், கடன் வாங்கி வாங்கிய வலையை அவர் கையாலேயே அறுக்கச் சொல்கிறோம். அதற்குக் கண்ணீர் போதாது, கை செய்ய வேண்டியதைக் காட்ட வேண்டும்.

எனவே படத்தில் ஒரே ஓர் ஆவுளியா, அதன் தலையை நீருக்கு மேலே தாங்கும் இரண்டு கைகள், வலையை அறுக்கும் கத்தி. இவை போதும். ஆவுளியா மீன் அல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டியே சாகும். ஆகவே மூக்குத் துவாரங்கள் தெளிவாகத் தெரியட்டும். அவை மூஞ்சியின் மேல்புறத்தில் இருக்கின்றன. வாலில் மிகவும் கவனமாக இருங்கள். இணையத்தில் கிடைக்கும் பல படங்கள் மானட்டி என்ற வேறு விலங்கின் படங்கள். அதன் வால் வட்டமாக இருக்கும். ஆவுளியாவின் வாலோ ஓங்கில் (டால்பின்) வால் போல இரண்டாகப் பிளந்திருக்கும். வால் பிசகினால், கடலை அறிந்தவர் படத்தோடு சேர்த்து வாசகத்தையும் ஒதுக்கிவிடுவார்.

வாசகம் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது: “மூக்கை நீருக்கு மேலே பிடியுங்கள். வலையை அறுத்து விடுங்கள்.” ஊரில் வழங்கும் பெயரான ‘ஆவுளியா’வைப் பெரிதாக எழுதுங்கள். இடம் இருந்தால், ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டி, அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு ஆகலாம் என்று சேர்க்கலாம். பிள்ளை பெற்ற வீடுகளில் இதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

“எல்லோரும் கொல்கிறார்கள்” என்று ஒருபோதும் எழுதாதீர்கள். அமெரிக்காவின் அரிசோனாவில், பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் கல்மரக் காட்டில், பலர் கல்மரத் துண்டுகளைத் திருடிச் செல்வதாகச் சொல்லும் பலகையை ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழு வைத்துப் பார்த்தது. ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் களவு போயின. எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்ன பலகைக்கு அருகே 2 சதவீதம்கூட இல்லை. ஊரே செய்கிறது என்று நாமே சொல்லிக்கொடுக்கலாமா? ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை பரிசளித்துப் பாராட்டியிருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.

சட்டத்தை அடியில் சிறிதாக எழுதினால் போதும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆவுளியா முதல் அட்டவணையில் இருக்கிறது, வேட்டையாடினால் சிறை உண்டு. ஆனால் சிறையை மட்டும் பெரிய எழுத்தில் காட்டினால், தெரியாமல் வலையில் பட்டதைக்கூடப் பயந்து மறைப்பார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. உயிர் இருக்கும்போதே தகவல் வர வேண்டும்.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுபவர்கள் நாள் முழுக்கச் சுவருக்கு எதிரே இருப்பார்கள். கரிக்கோட்டில் வரைந்ததும் அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கத்தி பிடிக்கும் கோணத்தைக்கூடத் திருத்திச் சொல்வார்கள். அவர்கள் சரி என்ற பிறகு எனாமல் தொடுங்கள். வனத்துறையின் தொலைபேசி எண்ணைக் கடைசியில் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் உப்புக்காற்றிலும் அது மங்கிவிடும். தை பிறந்ததும் எண் இன்னும் அதுதானா என்று கேட்டு மறுபடி எழுதுங்கள்.